பீபா பேலட்: பிரவுன் ஐஷேடோவுக்கு 12,000 ரூபாய் கொடுக்கலாமா?

மைவிழி_திருச்சி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அக்கா டிசம்பரில் டாலஸிலிருந்து வருகிறாள். என்னென்ன வேண்டும், லிஸ்ட் அனுப்பு என்கிறாள். நான் ரொம்ப நாளாகக் கண் வைத்திருப்பது நடாஷா டெனோனா பிராண்டின் பீபா பேலட், அதாவது இமையில் பூசும் ஐஷேடோ நிறங்கள் பல சேர்ந்த டப்பா. 15 ஷேட். எல்லாமே பிரவுன், பீஜ், வெண்கலம் வகையறா. விலை 129 டாலர். டாலஸில் விற்பனை வரி 8.25 சதவீதம், ஆக மொத்தம் 140 டாலர் கிட்ட வருகிறது. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தாலும் 12,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பதில் சொல்ல வசதியாக இருக்கும். மாநிறத்தைவிடக் கொஞ்சம் கருப்பு. மேக் பிராண்ட் ஃபவுண்டேஷனில் என் நிறத்துக்கான எண் என்சி 44. கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். தினமும் காஜல், அதற்கு மேல் லேசாக ஒரு பிரவுன், அவ்வளவுதான். கல்யாணம் காட்சி என்றால் இன்னும் கொஞ்சம். இமையில் எண்ணெய் வழியும். கையில் ஏற்கனவே சில பேலட் இருக்கிறது, எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கியவை. அவற்றில் ஷிம்மர், அதாவது மின்னுகிற ஷேட், அழகாகத்தான் இருக்கிறது. மின்னாத மேட் ஷேட் போட்டால்தான் விபூதி பூசியது மாதிரி வெளுத்துப் போகிறது.

விலைக்கேற்ற வித்தியாசம் கண்ணில் தெரியுமா, அல்லது டப்பாவுக்கும் பெயருக்கும் கொடுக்கிற காசா? "பிடித்திருந்தால் வாங்கு" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதை அக்காவே சொல்லிவிட்டாள்.

சிக்கன_சிகாமணி

12,000 ரூபாய்க்கு பிரவுன்! மயில் கழுத்துப் பச்சை என்றாலாவது வேறெங்கும் கிடைக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பிரவுன் எந்தக் கடையில் இல்லை? என் ஓட்டு: வேண்டாம்.

பட்டு_பைத்தியம்

ஒரே ஒரு முகூர்த்தத்துக்குக் கட்டிவிட்டு பீரோவில் வைக்கிற சேலைக்கு இதைவிட இரண்டு மடங்கு கொடுக்கிறோம். அப்போது யாரும் வந்து இழை தொடங்குவதில்லை. சம்பாதிக்கிற பெண், தினமும் போடப்போகிற பொருள். விடுங்கள், வாங்கட்டும்.

சிக்கன_சிகாமணி

பட்டை மகளுக்குக் கொடுக்கலாம். பத்து வருடப் பழைய ஐஷேடோவைக் கொடுத்துப் பாருங்கள், வாங்கிக்கொள்கிறாளா என்று.

அலங்காரி

நான் திருச்சியில் பிரைடல் மேக்கப் செய்கிறவள். பீபா என்னிடம் இருக்கிறது, அதனால் பேசலாம்.

நல்ல பேலட். அதில் சந்தேகமே வேண்டாம். மேட் ஷேட்கள் வெண்ணெய் மாதிரி பரவும். ஒன்றின் மேல் ஒன்று போட்டாலும் திட்டுத் திட்டாக நிற்காது. ஒவ்வொரு ஷேடும் 2.5 கிராம், மொத்தம் 37.5 கிராம். இது சின்ன அளவு இல்லை. தொழில் செய்கிற எனக்கே தீர்க்க முடியவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன நிறத்துக்கு ஒன்று யோசிக்க வேண்டும். 15 ஷேட் என்பது டப்பாவில் எண்ணுகிற கணக்கு. வெளிர் பீஜ், க்ரீம் மாதிரி இருக்கிறவை வெள்ளைத் தோலில் இமை முழுக்கப் போட வேண்டிய நிறங்கள். அங்கே அது தோலின் நிறத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் தோலில் அதையே போட்டால் புருவத்துக்குக் கீழே வெள்ளையாக எடுத்துக் காட்டும், இல்லையென்றால் காஜல் வைக்கும் முன் எண்ணெயை ஒற்றி எடுக்கும் பவுடராக மட்டும் பயன்படும். அடுத்து, நடுத்தர பிரவுன்கள். டப்பாவில் ஒன்று கொஞ்சம் ரோஜா, ஒன்று கொஞ்சம் ஆரஞ்சு, ஒன்று கொஞ்சம் சாம்பல் என்று தனித்தனியாகத் தெரியும். நம் தோலில் ஏற்கனவே மஞ்சளும் சிவப்பும் இருப்பதால் பிளெண்ட் செய்தபின் மூன்றும் ஒரே பிரவுன். எனக்கு எல்லா நிறத்திலும் மணப்பெண்கள் வருகிறார்கள், அதனால் 15-உம் தேவைப்படுகிறது. உங்களுக்கு ஒரே ஒரு முகம்.

விலை அதிகமா என்று கேட்பதைவிட, என் இமையில் தனித்தனியாகத் தெரியக்கூடிய ஷேட் எத்தனை என்று கேளுங்கள். அதை வைத்து 12,000-ஐ வகுத்துப் பாருங்கள்.

மைவிழி_திருச்சி

அக்கா, நீங்களும் திருச்சியா! நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு யூடியூபில் மறுபடி பார்த்தேன். நான் பார்த்த ஸ்வாட்ச் வீடியோ (ஷேடைக் கையில் பூசிக் காட்டுவது) எல்லாமே வெளுத்த கைகள்தான்.

கலவைக்காரி

அழகுசாதனத் தயாரிப்பில் ஃபார்முலேஷன் வேலை பார்க்கிறேன் (நீங்கள் பேசும் பிராண்டுகளில் எதிலும் இல்லை). டப்பாவுக்கா காசு என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் பாதி ஆம்.

பிரவுன் நிறம் எதிலிருந்து வருகிறது? இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று மூன்று வகை. லேபிளில் சிஐ 77491, 77492, 77499 என்று போட்டிருக்கும். இந்த மூன்றையும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடோடு (சிஐ 77891) வேறு வேறு விகிதத்தில் கலந்தால் உலகத்தில் உள்ள நியூட்ரல் பேலட் எல்லாம் பெரும்பாலும் வந்துவிடும். 300 ரூபாய் பேலட்டிலும் இதுதான், 12,000 ரூபாய் பேலட்டிலும் இதுதான். மலிவான நிறமிகள். ஆகவே சிக்கன_சிகாமணி சொன்னது நிறத்தைப் பொறுத்தவரை சரி.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மேட் ஐஷேடோவில் நிறமி என்பது ஒரு பங்குதான். மிச்சம் நிரப்புப் பொருள்: டால்க், மைக்கா, சிலிக்கா இப்படி. அதைப் பிடித்து வைக்க மெக்னீசியம் ஸ்டியரேட், டைமெதிகோன், எண்ணெய் வகைகள். மலிவான மேட் உங்கள் தோலில் வெளுப்பதற்குப் பெரும்பாலும் இந்த நிரப்புப் பொருளும் வெள்ளை நிறமியும்தான் காரணம். வெளுத்த தோலில் அந்த வெண்மை தெரியாது. நம் தோலில் சாம்பலாக நிற்கும். நல்ல மேட்டில் நிறமியின் அளவு கூடுதலாக இருக்கும், துகள்களுக்கு மேல்பூச்சு கொடுத்திருப்பார்கள், அரைப்பதும் அழுத்துவதும் கவனமாக நடந்திருக்கும். அதனால்தான் அலங்காரி சொல்கிற மாதிரி பரவுகிறது. குறிப்பாக அடர்ந்த பிரவுன். அதைத் திட்டில்லாமல் செய்வது உண்மையிலேயே கஷ்டம்.

ஷிம்மர் கதை வேறு. மைக்கா செதில் மேல் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் பூசினால் அதுவே மின்னும், அதுவே வழுக்கிக்கொண்டு பரவும். பொருளே பாதி வேலையைச் செய்துவிடும். விரலால் எடுத்துத் தடவினால் மலிவான ஷிம்மரும் பிரமாதமாக இருக்கும். உங்களுடைய பழைய பேலட்களில் ஷிம்மர் நன்றாகவும் மேட் மோசமாகவும் இருப்பது தற்செயல் இல்லை.

என்னைக் கேட்டால் மேட்டுக்குச் செலவு செய்யுங்கள், ஷிம்மரில் மிச்சம் பிடியுங்கள். பாதி ஷிம்மர் உள்ள விலையுயர்ந்த நியூட்ரல் பேலட் வாங்கினால் பாதிக் காசு தேவையில்லாத இடத்தில் போகிறது.

பழைய_நேக்கட்

ஆஹா, இதற்குத்தான் காத்திருந்தேன். அர்பன் டிகேயின் நேக்கட் பேலட் 2010-இல் வந்தபோது அதற்காக அலையாதவர்கள் இல்லை. இந்த நியூட்ரல் பேலட் பைத்தியத்தையே பெரிதாகக் கிளப்பிவிட்டது அதுதான். 12 ஷேட்டில் சுத்தமான மேட் இரண்டே இரண்டு. மிச்சமெல்லாம் மின்னல். 2018-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். கலவைக்காரி சொல்வதைப் பார்த்தால் அப்போது நாங்கள் எல்லோரும் மைக்காவுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

கலவைக்காரி

கொடுத்தீர்கள். அந்த மைக்கா பெரும்பாலும் நம் ஊர்க் காக்காப்பொன்தான் என்பது தனிக் கதை. ஜார்க்கண்டில் கொடர்மா பக்கம் குழந்தைகள் சுரங்கக் குழிகளில் பொறுக்குவதைப் பற்றி நிறைய செய்திகள் வந்தபின்தான், 2017-இல் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து பொறுப்பான மைக்காவுக்கு என்று ஓர் அமைப்பு தொடங்கின. சில பிராண்டுகள் ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கை மைக்காவுக்கு மாறிவிட்டன. லேபிளில் சிந்தெடிக் ஃப்ளூர்ஃப்ளோகோபைட் என்று இருந்தால் அது. விலை அதிகமான பிராண்ட் என்பதாலேயே இந்த விஷயத்தில் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரவர் தளத்தில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படியுங்கள்.

கணக்குப்புலி

கிராம் கணக்கு பார்ப்போமா? பீபா 129 டாலருக்கு 37.5 கிராம், அதாவது கிராம் மூன்றரை டாலருக்கும் கீழே. ஷனேலின் நான்கு ஷேட் டப்பாவில் இருப்பது மொத்தமே 2 கிராம், விலை அறுபது டாலருக்கு மேல். சார்லட் டில்பரியின் நான்கு ஷேட் லக்ஷுரி பேலட் 5.2 கிராம். இப்படிப் பார்த்தால் ஆடம்பரப் பொருட்களில் பீபாதான் மலிவு!

அலங்காரி

கணக்கு சரி. ஆனால் தீர்த்து முடிக்கிறவருக்குத்தான் கிராம் கணக்கு. 37.5 கிராம் ஐஷேடோவை ஒரு ஆள் தீர்க்க வேண்டுமென்றால் பரதநாட்டியம் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்த டப்பா படம் போட்டு 12எம், 24எம் என்று இருக்குமே, திறந்தபின் எத்தனை மாதம் என்பதுதான் அது. பவுடர் அதைத் தாண்டியும் நன்றாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். ஆனாலும் தினமும் ஒரு பிரவுன் போடுகிறவருக்கு இவ்வளவு எதற்கு?

டொரண்டோ_தேன்மொழி

வாங்குவதென்று முடிவு செய்தால் தயவுசெய்து முழு விலை கொடுக்க வேண்டாம். செஃபோரா என்ற அழகுசாதனக் கடையில் வசந்த காலத்தில் ஒன்று, நவம்பர் வாக்கில் ஒன்று என்று உறுப்பினர் தள்ளுபடி வரும். இன்சைடர் என்றால் 10 சதவீதம், விஐபி 15, ரூஜ் 20. அக்காவோ அவருடைய தோழி யாராவதோ ரூஜ் அட்டை வைத்திருந்தால் 129 டாலர் 103 ஆகிவிடும். வரியோடு 112 டாலர் கிட்ட, உங்கள் கணக்கில் 10,000 ரூபாய்க்குள். டிசம்பர் பயணத்துக்கு நேரமும் பொருந்துகிறது.

இன்னொன்று: கைப்பையில் கொண்டு வரச் சொல்லுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டால் வந்து சேர்வது பொடிதான். மூடுவதற்கு முன் ஷேட்களின் மேல் பஞ்சு வைக்கச் சொல்லுங்கள்.

ரோஜா_ராணி_96

இவ்வளவு யோசனை எதற்கு? இன்ஸ்டாவில் இதே பேலட் ஃபர்ஸ்ட் காப்பி 1,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டப்பா, கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கிறது. தோழி வாங்கினாள்.

அலங்காரி

ரோஜா, கோபித்துக்கொள்ளாதே. கண்ணில் போடுகிற பொருளில் காப்பி வேண்டாம் தங்கம். என்னிடம் ஒரு மணப்பெண் நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் இமை வீங்கி வந்தாள். இப்படி ஏதோ ஒரு பக்கத்தில் வாங்கிய டப்பா. கண் டாக்டர் எந்த மேக்கப்பும் கூடாது என்று சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தப் போட்டோவில் காஜல்கூட இல்லாமல் நின்றாள்.

பழைய_நேக்கட்

2018 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் போலி மேக்கப் விற்ற கடைகளில் சோதனை போட்டு சுமார் 7 லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கைப் பிடித்தார்கள். பரிசோதனையில் பாக்டீரியாவும் விலங்குக் கழிவும் இருந்ததாகச் சொன்னார்கள். பெயர் என்னவோ அர்பன் டிகே, மேக் என்றுதான் போட்டிருந்தது.

ரோஜா_ராணி_96

ஐயோ. தோழிக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன்.

சைவப்பூனை

குறுக்கே ஒரு கேள்வி. நாங்கள் சுத்த சைவம். ஐஷேடோவில் பூச்சி இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

கலவைக்காரி

கார்மைன். கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. லேபிளில் கார்மைன் அல்லது சிஐ 75470 என்று இருக்கும். வெறும் பிரவுன், பீஜுக்கு அது தேவைப்படாது. கத்தரிப்பூ நிறம், ஒயின் நிறம், அழுத்தமான ரோஜா இவற்றில் எதிர்பார்க்கலாம். ஒரே பேலட்டுக்குள் ஒரு ஷேட்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பட்டியல் பாருங்கள். வீகன் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கண்ணாடிக்கடை

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பார்வை பரிசோதிக்கிறவன். மேக்கப் பற்றி ஒன்றும் தெரியாது, மனைவி இந்த இழையைப் படிக்கச் சொன்னதால் வந்தேன். இங்கே யாருமே மெட்ராஸ் ஐ பற்றிப் பேசவில்லையே!

கண் நோய் வந்திருக்கும்போது பயன்படுத்திய கண் மேக்கப் எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்வதுதான் வழக்கம். மஸ்காரா, காஜல் கட்டாயம். ஐஷேடோவும் அந்தப் பட்டியலில்தான் வரும். மழைக்காலம் வந்தால் கல்லூரியில் ஒரு வகுப்புக்கே பரவுகிறதைப் பார்த்திருப்பீர்கள். 300 ரூபாய் டப்பாவைத் தூக்கி எறிவீர்கள். 12,000 ரூபாய் டப்பாவை எறிய மனம் வருமா? வராது. மேலே லேசாகச் சுரண்டிவிட்டு மறுபடி போடுவீர்கள். பெரிய பேலட் வேண்டாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

மைவிழி_திருச்சி

சார், இதை நான் யோசிக்கவே இல்லை. போன வருடம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்கு வந்தது.

அலங்காரி

சரியாகச் சொன்னார். நான் தொழிலில் டப்பாவுக்குள் பிரஷை நேரடியாக விடுவதே இல்லை. ஸ்பேட்டுலாவால் சுரண்டித் தட்டில் எடுத்துத்தான் போடுவேன். வீட்டில் யார் அப்படிச் செய்கிறார்கள்?

மைவிழி, ஒன்று செய்யலாமா? ஐப்பசியில் முகூர்த்தம் நெருக்குவதற்கு முன் ஒரு நாள் கல்லூரி முடிந்து என் ஸ்டூடியோவுக்கு வாருங்கள். ஒரு கண்ணில் பீபா, இன்னொரு கண்ணில் உங்கள் பழைய பேலட். இரண்டுக்கும் ஒரே பேஸ் (ஷேடுக்கு அடியில் இமையில் பூசுவது), ஒரே மாதிரி பிரஷ். முகவரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பழைய பேலட் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்.

பட்டு_பைத்தியம்

இதுதான் இழை! முடிவை இங்கே வந்து சொல்லாமல் போய்விடாதீர்கள்.

வெயில்_வேலூர்

நான் இரண்டு கட்சியிலும் சேராமல் சொல்கிறேன். எங்கள் ஊர் வெயிலில் எந்த ஐஷேடோவும் பேஸ் இல்லாமல் மதியத்தைத் தாண்டாது, இமை மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும். 12,000 ரூபாய் பவுடரும் எண்ணெய் இமையில் அப்படித்தான். முதல் காசு பேஸாகப் போடும் பிரைமருக்கு. மேக் பெயின்ட் பாட், இல்லையென்றால் ஏதாவது ஒரு ஐ பிரைமர், அதற்கு மேல் துளி பவுடர். பிரைமர் இல்லாத நாளில் கன்சீலரை மிக மெல்லிசாகத் தடவி பவுடர் போட்டாலும் ஓடும். தடிமனாகத் தடவினால் அதுவே மடிப்பில் சேர்ந்துவிடும், கவனம்.

மைவிழி_திருச்சி

போய்விட்டு வந்தேன். அலங்காரி அக்காவுக்கு நன்றி. காபியும் கொடுத்து, பைசா வாங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு இமையிலும் பெயின்ட் பாட், மேலே பவுடர். வலது கண் பீபா, இடது கண் என் பழைய டப்பா. பேஸ் போட்டதுமே என் பழைய மேட் பாதி திருந்திவிட்டது. அந்தச் சாம்பல் நிறம் முன்பு இருந்த அளவில் இல்லை. பிரஷிலும் விஷயம் இருக்கிறது. நான் இத்தனை காலம் டப்பாவோடு வந்த பஞ்சுக் குச்சியால்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மேக் 217 மாதிரி ஒரு புசுபுசு பிரஷைக் கையில் கொடுத்தார். பழைய ஷேட்டே வேறு ஆளாகிவிட்டது.

வித்தியாசம் தெரிந்தது அடர் பிரவுனில். இமையின் வெளிமூலையில் பீபா புகை மாதிரி கரைந்தது. என்னுடையது திட்டாக நின்றது. அதைச் சரிசெய்யத் தேய்த்தால் மொத்தமும் காணாமல் போனது. மறுபடி போட்டால் மறுபடி திட்டு. நடுத்தர பிரவுனிலும் பீபா மேல், ஆனால் அவ்வளவு தூரம் இல்லை. ஷிம்மர் போட்டபின் அக்கா தன் உதவியாளரைக் கூப்பிட்டு எந்தக் கண் எது என்று கேட்டார். அவர் மாற்றிச் சொன்னார்!

பிறகு 15 ஷேடையும் என் கையில் பிரஷால் போட்டுக் காட்டினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தோம். வெளிர் நிறங்கள் சுண்ணாம்பு. நடுவில் இருந்த பிரவுன்களில் என்னால் இரண்டைத்தான் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஷிம்மரில் வெண்கலமும் செம்பும் கொள்ளை அழகு, ஆனால் அந்த மாதிரி என்னிடமே இருக்கிறது. எனக்கு உண்மையில் வேண்டியது ஒரு நடுத்தர மேட், ஒரு அடர் மேட், கல்யாணத்துக்கு இன்னும் அடர்த்தியாக ஒன்று.

பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு கண்ணும் ஒரே அளவில்தான் தாங்கியிருந்தன. வேலூர் தோழி சொன்னது சரி, தாங்குவது பேஸின் வேலை.

ஆகவே டாலஸ் அக்காவிடம் பீபா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேட் மட்டும் தனித்தனியாக நல்லதாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். எது வாங்கலாம்?

அலங்காரி

மேக் சிங்கிள்ஸ், அதாவது தனித்தனி ஷேடாக விற்பவை, பாருங்கள். ஒன்று 1.5 கிராம், ஒருவர் கைக்கு அதுவே நீண்ட நாள் வரும். உங்கள் நிறத்துக்கு சாஃப்ட் பிரவுன் அல்லது சாடில் நடுவில், வெளிமூலைக்கு ஸ்விஸ் சாக்லேட் அல்லது எஸ்ப்ரெஸ்ஸோ. கல்யாணத்துக்கு எம்பார்க். சாஃப்ட் பிரவுன் உங்களுக்கு மெல்லிசாகத்தான் தெரியும், பாடம் எடுக்கும் நாளுக்கு அதுவே போதும். சாடில் இன்னும் கொஞ்சம் மஞ்சள்-சிவப்பு பக்கம் சாயும். ஆனால் கடைக்குப் போய்ப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டெஸ்டரைக் கண்ணில் போடாதீர்கள், கையில் மட்டும். விரலால் இல்லை, பிரஷால். கடை விளக்கில் முடிவு செய்யாமல் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரப் பெண் முறைத்தாலும் பரவாயில்லை.

டொரண்டோ_தேன்மொழி

டெனோனா ஆசை விடவில்லையென்றால் அதே பிராண்டின் ஐந்து ஷேட் மினி இருக்கிறது, மொத்தம் 4 கிராம், விலையும் பீபாவில் கால்வாசிகூட வராது. ஆனால் அந்த மினிகளில் மினி நியூட் என்பது கொஞ்சம் ரோஜா பக்கம் சாயும், உங்கள் நிறத்துக்கு வெளுக்கலாம்.

கலவைக்காரி

மினி என்றாலும் ஐந்தில் எத்தனை மேட் என்று பார்த்து வாங்குங்கள். ஒரு தகவல்: இத்தாலியின் இன்டர்காஸ் மாதிரி நிறுவனங்கள் (1972-இல் தொடங்கியது) உலகத்தின் பல பிராண்டுகளுக்கு மேக்கப் தயாரித்துக் கொடுக்கின்றன. விலை உயர்ந்ததும் நடுத்தரமும் ஒரே கூரையின் கீழே பிறக்கலாம். ஃபார்முலா வேறாக இருக்கும், கைப்பக்குவம் ஒன்றாக இருக்கலாம். நடுத்தர விலையில் நல்ல மேட் கிடைப்பது அபூர்வமில்லை, தேடிப் பாருங்கள்.

பட்டு_பைத்தியம்

நான் மட்டும் என் கட்சியில் நிற்கிறேன். இந்த இழையைப் படித்தபின் எனக்கு பீபா வேண்டும் என்று தோன்றிவிட்டது. என் நிறம் இன்னும் கொஞ்சம் வெளுப்பு, தங்கைகள் மூன்று பேர், கல்யாண சீசனில் ஒரு டப்பாவை நான்கு பேர் பயன்படுத்துவோம். தேன்மொழி, நவம்பர் தள்ளுபடி எப்போது தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கடை

நான்கு பேருக்கு ஒரே டப்பாவா? ஆளுக்கொரு பிரஷாவது வாங்கிக் கொடுங்கள், அம்மா.

சிக்கன_சிகாமணி

மைவிழி, மிச்சம் பிடித்த காசில் என்ன வாங்கினீர்கள்?

மைவிழி_திருச்சி

சாடில், எஸ்ப்ரெஸ்ஸோ, பெயின்ட் பாட். வாசல் வெளிச்சத்தில்தான் பார்த்தேன், முறைத்தார்கள். எம்பார்க் அன்று கடையில் இல்லை. அதை மட்டும் அக்கா டாலஸிலிருந்து கொண்டு வருகிறாள், கூடவே அந்தப் புசுபுசு பிரஷும்.